நியமனக் கடிதத்தில் யாருடைய கையொப்பம்?

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் பிற்பகுதியில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியின் வாயிலில் பெற்றோரும் பழைய மாணவிகளும் பதாகைகளுடன் கூடினார்கள். அங்கு கற்பித்துவந்த முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் அபாயா அணிந்து வந்ததே காரணம். சேலைதான் கல்லூரியின் மரபு, அதை மாற்றக்கூடாது என்பது கூடியவர்களின் கோரிக்கை. அந்த ஆசிரியைகள் தற்காலிகமாக இடமாற்றம் பெற்றுப் போனார்கள். அடுத்த சில வாரங்கள் பத்திரிகைகளிலும் முகநூலிலும் இதுதான் பேச்சு. பண்பாடு, மதம், காணி, குடிப்பரம்பல் எல்லாம் பேசினோம். ஆனால் அந்த ஆசிரியைகளுக்கு அது ஒரு வேலைத்தளம் என்ற எளிய விஷயத்தைப் பேசியவர்கள் குறைவு.

கல்லூரி பக்கத்து நியாயத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1923இல், மிஷன் பாடசாலைகளே பெண் கல்விக்கு வழியாக இருந்த ஒரு துறைமுக நகரத்தில், தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற ஒரு பெண் இந்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலை அது. கலவரங்களையும் இடப்பெயர்வுகளையும் யுத்தத்தையும் தாண்டி நிற்கிறது. ‘இதுவும் எங்கள் கையைவிட்டுப் போய்விடுமோ’ என்று அந்த வாயிலில் நின்றவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்பவர்கள் திருகோணமலையின் கதையை அறியாதவர்கள்.

ஆனாலும் சட்டத்தின் முன் கேள்வி வேறு. சண்முகா இன்று ஒரு தேசிய பாடசாலை. ஆசிரியைக்கு நியமனம் கொடுப்பது அரசு, சம்பளம் கொடுப்பதும் அரசு. அப்படியானால் அந்த வேலைத்தளத்தின் முதலாளி அரசுதான். அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காகப் பிரஜை எவரையும் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்கிறது. ஆசிரியைகள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டார்கள். விசாரணைக்குப் பின் 2019இல் ஆணைக்குழு, அவர்களுடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டிருக்கின்றன என்றும், அவர்கள் விரும்பிய உடையுடன் அதே பாடசாலைக்குத் திரும்ப இடமளிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

ஆணைக்குழுவின் முடிவு பரிந்துரைதான். நீதிமன்றக் கட்டளையைப்போல அது எவரையும் கட்டுப்படுத்தாது. ஆசிரியைகளில் ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2022 பெப்ரவரி 2ஆம் திகதி மீண்டும் கடமை ஏற்க வந்தபோது கல்லூரிக்குள் பெரும் குழப்பம். இரு தரப்பினரும் பொலிஸில் முறைப்பாடு செய்தார்கள். அதன் பிறகான வழக்குகளுக்குள் இந்தக் கட்டுரை நுழையப்போவதில்லை. கவனிக்க வேண்டியது, பரிந்துரைக்கும் கல்லூரி வாயிலுக்கும் இடையில் 3 ஆண்டுகள் கிடந்தன என்பது. ஒரு தொழிலாளியின் வாழ்வில் 3 ஆண்டுகள் சின்னக் காலமல்ல.

இந்த வழக்கைத் தமிழ் வாசகர்கள் வேறொரு வழக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அது கோடீஸ்வரன் வழக்கு. எங்கள் பெற்றோரின் தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும், எங்களுக்கு அவ்வளவு தெரியாது.

1956இன் தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பின், அரசாங்க எழுதுவினைஞர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் சம்பள ஏற்றம் என்ற சுற்றறிக்கை வந்தது. செல்லையா கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞருக்கு 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற முடியாது என்றது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காடவே முடியாது என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. 1969 டிசம்பரில் இலண்டன் கோமறைக் கழகம் ‘வழக்காடலாம்’ என்று திருத்தி, அரசியலமைப்புக் கேள்வியைத் தீர்க்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்வி தீர்க்கப்படவே இல்லை. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் புதிய அரசியலமைப்பில் 29(2) இல்லாமலே போனது.

ஒரு எழுதுவினைஞரின் சில ரூபாய்ச் சம்பள ஏற்றம்தான் தமிழ் மக்களின் சமத்துவக் கோரிக்கைக்கு நீதிமன்றம் ஏறிய பெரிய வழக்குகளில் ஒன்றாக அமைந்தது. வேலைத்தளத்தில் சமவாய்ப்பு என்பது எங்களுக்கு அரச சார்பற்ற நிறுவனங்கள் பயிற்சிப் பட்டறையில் சொல்லித்தந்த சொல் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்றைய 12(2)இல் ‘மொழி’ என்றும் ‘இனம்’ என்றும் எழுதியிருப்பதில் கோடீஸ்வரன்கள் கேட்ட நியாயமும் இருக்கிறது. அதே வரியில் ‘மதம்’ என்ற சொல்லும் இருக்கிறது. எங்களுக்கு ஒரு சொல், அவர்களுக்கு ஒரு சொல் என்று அந்த வரியைப் பிரித்தெடுக்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் அரச ஊழியரின் கதை. திருகோணமலையில் இன்று வேலை தேடும் ஒரு இளம் பெண்ணுக்கோ ஆணுக்கோ இதில் பாதிதான் பொருந்தும்.

துறைமுகத்தைச் சுற்றி ஒரு தடவை போய்ப் பாருங்கள். சீனக்குடாவில் மா ஆலை, எண்ணெய்க் குதங்கள், குடாவை ஒட்டிச் சீமெந்துத் தொழிற்சாலை, கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம். வடக்கே உப்புவெளி, நிலாவெளி நெடுகிலும் ஹோட்டல்களும் விடுதிகளும். நகருக்குள் வங்கிகள், நிதி நிறுவனங்கள், கடைகள், தனியார் வைத்தியசாலைகள். கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் இங்கே இருப்பதால் அரச உத்தியோகமும் கணிசம்தான். ஆனால் அரச நியமனத்துக்குக் காத்திருக்க முடியாதவர்கள் போவது இந்தத் தனியார் பக்கத்துக்கே. அங்கேயும் பலர் நேரடி ஊழியர்கள் அல்லர். ‘மேன்பவர்’ என்று சொல்லப்படும் ஆள் வழங்கும் நிறுவனங்களின் ஊடாக நாள் சம்பளத்துக்குப் போகிறவர்கள்.

அடிப்படை உரிமை மீறல் மனு அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராக மட்டுமே செல்லும். தனியார் முதலாளி ஒருவர் ‘தமிழர் வேண்டாம்’ என்றோ ‘முஸ்லிம் வேண்டாம்’ என்றோ ‘பெண் வேண்டாம்’ என்றோ முடிவு செய்தால், 12(2) அவரைத் தொடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே உறுப்புரையின் மூன்றாம் பந்தி, இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகக் கடைகளுக்குள்ளோ உணவகங்களுக்குள்ளோ ஹோட்டல்களுக்குள்ளோ செல்வதற்கு எவருக்கும் தடை விதிக்கக்கூடாது என்கிறது. ஆகவே எழுத்தளவிலாவது, நிலாவெளி ஹோட்டலுக்குள் வாடிக்கையாளராகப் போக எங்களுக்கு உரிமை உண்டு. அதே ஹோட்டலில் பரிமாறுபவராக வேலை கேட்டுப் போனால் அரசியலமைப்பு வாயைத் திறக்காது.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு முயற்சி நடந்தது. வேலையிலும் தொழிலிலும் பாரபட்சத்தைத் தடைசெய்யும் சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அடுத்த ஆண்டே சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் சமவாய்ப்புச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அது சட்டமாகியிருந்தால் தனியார் துறையையும் கட்டுப்படுத்தியிருக்கும். சிங்கள பௌத்த அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன. சிறுபான்மையினருக்குச் சலுகை கொடுக்கும் சட்டம் என்றார்கள். அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்றது.

கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றுவரை அதற்கு ஈடான ஒரு பொதுச் சட்டம் இல்லை. தெற்கில் எதிர்த்தவர்களைக் குறை சொல்வது இலகு. ஆனால் அதன் பிறகு எங்கள் பிரதிநிதிகள் எத்தனை தடவை அதை நாடாளுமன்றத்தில் திரும்பக் கேட்டார்கள்? காணியும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் அரசியல் தீர்வும் பேசப்படும் இடத்தில் ‘வேலைக்கு எடுக்கும்போது பாரபட்சம்’ என்பது சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கலாம். மாதச் சம்பளத்தில் வீடு நடத்துகிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

தனியார் முதலாளியையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் துண்டு துண்டாக இருக்கின்றன. அவற்றில் யுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்கள் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று: 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலது குறைந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். உடற்குறைபாட்டைக் காரணம் காட்டி வேலைக்கு எடுப்பதில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அது சொல்கிறது. மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம், கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. அரச துறையில் 1988இன் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு வெற்றிடங்களில் 3 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. செல்லில் காலை இழந்தவர்களும் கண்ணை இழந்தவர்களும் எங்கள் கிராமங்களில் எத்தனை பேர்! அவர்களில் இந்தச் சுற்றறிக்கையின் இலக்கத்தைச் சொல்லி விண்ணப்பித்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலை நீக்குவதையும் சட்டம் தடுக்கிறது. 2018இன் திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேலும் 84 நாள் மகப்பேற்று விடுமுறை உண்டு.

புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளிகளின் நிலைதான் இதில் மோசம். யுத்தம் முடிந்தபின் சுமார் 12,000 பேர் அந்த முகாம்களின் வழியாக வெளியே வந்தார்கள். சான்றிதழைக் காட்டினால் வேலை கிடைக்காது. காட்டாவிட்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கே இருந்தாய் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. தனியார் முதலாளி அவர்களை வேண்டாம் என்றால், கேட்க எந்தச் சட்டமும் இல்லை.

இனி, வேலைக்குப் போனபின் நடப்பது.

பாலியல் தொந்தரவு பற்றிப் பேசும்போது ‘இந்த நாட்டில் அதற்குச் சட்டமே இல்லை’ என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்தியாவில் 2013இல் வந்ததைப் போல வேலைத்தளத்துக்கென்றே தனியான, உள்ளகக் குழு அமைக்கச் சொல்லும் சட்டம் எங்களிடம் இல்லைதான். ஆனால் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது. 1995இன் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்தது. தாக்குதலால் மட்டுமல்ல, வார்த்தையாலும் செயலாலும் செய்யும் பாலியல் தொல்லையும் குற்றம் என்கிறது. வேலைத்தளத்திலோ வேறெங்குமோ அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர், மற்றவர் விரும்பாத பாலியல் முயற்சிகளைச் சொல்லாலோ செயலாலோ செய்தால் அதுவும் குற்றம் என்று அதன் விளக்கத்தில் எழுதியே இருக்கிறது. தண்டனை 5 ஆண்டு வரை சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடும் கட்டளையிடலாம். இந்தப் பிரிவுக்கு அரசு, தனியார் என்ற பேதமில்லை. ஹோட்டல் முகாமையாளருக்கும் பொருந்தும், பிரதேச செயலக உத்தியோகத்தருக்கும் பொருந்தும், மேன்பவர் கங்காணிக்கும் பொருந்தும்.

இன்னொன்று புதியது. ஒரு கையொப்பத்துக்காக, ஒரு நியமனத்துக்காக, ஒரு இடமாற்றத்துக்காக, வீட்டுத்திட்டப் பட்டியலில் ஒரு பெயருக்காகப் பெண்ணிடம் உடலைக் கேட்பது பாலியல் இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. கணவனை இழந்தோ தேடியோ அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பெண்களுக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. முன்பு அதைச் சொல்லப் போனால் ‘நீயும் சம்மதித்தாய்தானே’ என்பார்கள். இப்போது சட்டத்தின் பார்வையில் கேட்டதே குற்றம். முறையிட வேண்டிய இடம் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, தொலைபேசி 1954.

ஆனால் சட்டத்தின் கை நீளம் வேறு, அது எட்டும் தூரம் வேறு. 345ஆம் பிரிவு பொலிஸ் நிலையத்தில்தான் தொடங்குகிறது. எங்கள் பெண்களில் ஒரு பகுதியினருக்குக் காக்கியைக் கண்டாலே கால் பின்னுக்குப் போகும், யுத்த காலத்தின் ஞாபகம் அது. அங்கே போனால் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, ‘கையொப்பம் போடு’ என்பது இந்த மாவட்டத்தில் புதிய கதையல்ல. வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. தமிழில் எழுதும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். அந்த ஒரு தாள்தான் பின்னர் நீதிமன்றத்தில் உங்களை மடக்கும்.

குற்றவியல் வழக்கு வேண்டாம், வேலையும் மானமும் போதும் என்கிறவர்களும் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வீட்டில் மூன்று வாய், முதலாளிக்கு ஊரெல்லாம் பழக்கம் என்ற நிலையில் இருப்பவர் அவர். அப்படிப்பட்டவர்கள் அதிகம் செய்வது, சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிடுவது. இதில்தான் பெரும் நட்டம். தானாக விலகியதாகக் கடிதம் கொடுத்துவிட்டால், துன்புறுத்தியவர் அங்கேயே இருக்கிறார், இவர் வீட்டில் இருக்கிறார், பதிவேட்டில் எதுவும் இல்லை. வேலையில் இருக்க முடியாதபடி செய்து ஒருவரை வெளியேற வைப்பதும் வேலை நீக்கத்துக்குச் சமமானது என்று தொழில் நியாய சபைகளில் வாதாடலாம். தனியார் ஊழியர் வேலை போய் 6 மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். ‘சொந்த விருப்பில் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்த கடிதம் அந்த வாதத்தை ஏறக்குறையக் கொன்றுவிடும். விலகத்தான் வேண்டுமென்றால், ஏன் விலகுகிறேன் என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

அரச ஊழியருக்குக் கெடு இன்னும் குறுகியது. உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. திருகோணமலையிலிருந்து கொழும்பு புதுக்கடைக்குப் போய், சட்டத்தரணி பிடித்து, ஆவணங்களை மொழிபெயர்த்து, எல்லாம் ஒரு மாதத்துக்குள். நடக்கிற காரியமா? இங்கேதான் 1996இன் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கைகொடுக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கெடுவில் கணக்கெடுக்கப்படாது. ஆணைக்குழுவின் பரிந்துரைக்குப் பலம் குறைவு என்று முன்னே சொன்னேன். ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே போகலாம். உயர் நீதிமன்றத்தின் கதவு அதுவரை பூட்டப்படாமல் இருக்கும்.

நீதிமன்றமும் எப்போதும் நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. பாடசாலையில் தனக்கு நேர்ந்த பாலியல் தொந்தரவு பற்றித் தென்பகுதி ஆசிரியை ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2016இல் உயர் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தொடர்ந்து நடக்கும் மீறலுக்கு ஒரு மாதக் கெடுவை இறுக்கிப் பிடிக்கக்கூடாது என்ற நிலைப்பாடு அந்த வழக்கில் எடுக்கப்பட்டது. வேலைத்தளத் தொந்தரவு பெரும்பாலும் ஒரு நாள் சம்பவமாக நடப்பதில்லை. ஆகவே திகதிகள் முக்கியம். என்ன நடந்தது, எங்கே, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள். வட்ஸ்அப் செய்திகளை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லிவையுங்கள், பின்னர் அவர் சாட்சி.

முதலாளிகளிடமும் ஒரு சொல். 2019இல் சர்வதேச தொழில் அமைப்பு ஏற்றுக்கொண்ட 190ஆம் சமவாயம் வேலை உலகின் வன்முறையையும் தொந்தரவையும் பற்றியது. ஒப்பந்தம் எந்த வகையாக இருந்தாலும், பயிற்சியாளராக இருந்தாலும், வேலை கேட்டு வந்தவராக இருந்தாலும் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. வேலைக்குப் போய்வரும் வழியும் நிறுவனம் ஏற்பாடு செய்யும் தங்குமிடமும் அதன் எல்லைக்குள் வரும். இரவு முறை முடித்து நிலாவெளியிலிருந்து நகருக்கு வரும் பெண்ணுக்கு வாகனம் ஏற்பாடு செய்வதற்கும், முறைப்பாட்டை விசாரிக்கும் குழுவில் ஒரு பெண்ணையும் தமிழ் பேசும் ஒருவரையும் வைப்பதற்கும் எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. சேவை வழங்கும் நிறுவனத்தின் ஆள், எங்கள் ஆள் இல்லை என்று கைகழுவுவதை நிறுத்தலாம்.

ஒருவர் பிரச்சினை என்று வந்தால் நான் முதலில் கேட்பது, நியமனக் கடிதத்தில் கையொப்பமிட்டது யார் என்பதைத்தான். அரச திணைக்களம், மாகாண சபை, கூட்டுத்தாபனம், உள்ளூராட்சி சபை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு. அதன் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, தமிழில் எழுதிக் கொடுக்கலாம், கட்டணமில்லை, சட்டத்தரணி தேவையில்லை. அவசர இலக்கம் 1996. தனியார் என்றால் தொழில் திணைக்களமும் தொழில் நியாய சபையும். கடிதமே தரவில்லை என்றால், சம்பளச் சீட்டு, ஊழியர் சேமலாப நிதி இலக்கம், வரவுப் பதிவேட்டின் படம் என்று நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதைக் காட்டும் எதையாவது முதலில் திரட்டுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் யார் முதலாளி என்பது பொருட்டில்லை, பொலிஸின் சிறுவர் மகளிர் பணியகம் உண்டு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. செலவுக்குப் பயந்தால் சட்ட உதவி ஆணைக்குழு. எங்கே கொடுத்தாலும் இரண்டு பிரதிகளோடு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.